பெரிய டயர் போடுமுன் ஒரு கணக்கு



வாழைத் தோட்டம் பார்க்கப் போன இடத்தில் ஒருவர் கேட்டார்: "சார், மழை பெஞ்சா வாய்க்கால் கரையிலே பிக்கப் வண்டி மாட்டிக்குது. பெரிய டயர் போட்டு, லெவலிங் கிட் வச்சு முன்பக்கத்தைத் தூக்கிடலாம்னு இருக்கேன். சரிதானுங்களா?"

இருவரும் கணக்குப் போட்டோம். அவர் வண்டி டயரில் 215/75 ஆர் 15 என்று இருந்தது. அகலம் 215 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அதில் நூற்றுக்கு 75 பங்கு. ரிம் 15 அங்குலம். டயரின் மொத்த உயரம் சுமார் 704 மி.மீ. அவர் போட நினைத்தது 235/75 ஆர் 15. அதன் உயரம் சுமார் 734. வித்தியாசம் 30 மி.மீ. அதில் பாதிதான் அச்சுக்குக் கீழே சேரும். ஆக, வண்டி உயர்வது ஒன்றரை சென்டிமீட்டர். ஒரு விரல் கனம்தான்! லெவலிங் கிட் வண்டியின் முன்பக்க உடம்பைத்தான் தூக்கும். சேற்றில் இடிக்கிற பின் அச்சுக் கூடு இருந்த இடத்திலேயே இருக்கும்.

இதற்குக் கொடுக்கிற விலை என்ன? மீட்டர் 60 காட்டும்போது வண்டி 62-க்கு மேல் ஓடும். சக்கரத்தில் இழுவை நூற்றுக்கு நாலு பங்கு குறையும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசலாம். இன்னொன்றையும் கவனியுங்கள். முன்பக்கம் தூக்கிய வண்டியில் தார் ஏற்றினால் பின்பக்கம் அமுங்கும், விளக்கு மேலே பார்க்கும். விடியுமுன் சந்தைக்குப் போகையில், எதிரே சைக்கிளில் வரும் பால்காரருக்குக் கண் கூசும். ஒரு உயிர் போனால் எந்தச் சந்தை விலை ஈடு செய்யும்?

பிறகு அவருடைய டயரைத் தடவிப் பார்த்தேன். பட்டன் தேய்ந்து வழவழவென்று இருந்தது. வண்டி மாட்டியதற்குக் காரணம் அதுதான்! டயரின் காடிகளுக்குள் சின்னச் சின்ன மேடு இருக்கும். பட்டன் அந்த மட்டத்துக்கு இறங்கிவிட்டால் டயரை மாற்றியே ஆக வேண்டும். அதே அளவில், ஆழமான பட்டன் உள்ள டயராக வாங்குங்கள். பாரத்தை அளவோடு ஏற்றுங்கள். மாட்டுகிற இடத்தில் நாலு பேர் சேர்ந்து செங்கல் ஜல்லியும் கிராவலும் கொட்டினால், ஊர் வண்டிகள் எல்லாம் போகும்.

அப்படியும் அளவை மாற்றத்தான் வேண்டும் என்றால், வண்டிக் கம்பெனி எந்த அளவை அனுமதித்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். டயரின் சுமை தாங்கும் எண் குறையக் கூடாது. நாலு சக்கரமும் ஸ்டெப்னியும் ஒரே அளவாக இருக்கட்டும். பாரம் ஏற்றி இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, உரசுகிறதா என்று பாருங்கள். விளக்கை இறக்கி வையுங்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி வடிவமைப்புக்கும் ஆர்.சி. விவரத்துக்கும் மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. ஆகவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்காமல் கை வைக்காதீர்கள். பின்னால் இன்சூரன்சிலும் சிக்கல் வரலாம்.

அந்த நண்பர் இப்போது பழைய அளவிலேயே புது டயர் போட்டிருக்கிறார். நீங்களும் இன்றைக்கே உங்கள் வண்டி டயரை ஒரு தடவை தடவிப் பாருங்கள்.