குழந்தையின் பயமும் குடும்ப மானமும்



இன்று நாம் பேச வந்தது பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற விஷயமாகும். அந்தக் கூச்சமே அயோக்கியர்களுக்கு மூலதனமாய் இருக்கிறபடியால் சற்று வெளிப்படையாகவே பேசப்போகிறோம்.

செல்போன் இல்லாத வீடு இன்று அபூர்வம். 2020-ல் கொரோனாவினால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது பாடமே அதில்தான் நடந்தது. அதன் வழியாக முகந்தெரியாத ஒருவன் விளையாட்டுத் தோழனென்று வருகிறான். வயது 13 என்பான், 30-க்கு மேலிருக்கும். புகழுவான், "உன் வீட்டாருக்கு உன் அருமை தெரியவில்லை" என்பான், பிறகு ஒரு படம் கேட்பான். படம் கைக்கு வந்த நிமிஷமே, "உன் தகப்பனாருக்கு அனுப்பிவிடுவேன்" என்று மிரட்டி மேலும் படமோ பணமோ பறிப்பான். பெண்பிள்ளைகளுக்கு மட்டுமே இது நேருமென்று எண்ண வேண்டாம், பையன்களும் அகப்படுகிறார்கள். வெறும் முகத்தை வைத்து நிர்வாணப் பொய்ப்படம் செய்யவும் இப்போது வழி வந்துவிட்டது.

தோழர்களே! அவனுடைய ஆயுதம் எது? செல்போனா? அல்லவே அல்ல. "அப்பாவுக்குத் தெரிந்தால் தொலைத்துவிடுவார், குடும்ப மானம் போய்விடும்" என்று குழந்தை நடுங்குகிறதே, அந்த நடுக்கந்தான் அவன் ஆயுதம். வீட்டில் திருடு போனால் பறிகொடுத்தவனையா உதைக்கிறோம்? இதில் மட்டும் குழந்தைக்கு உதை, படிப்புக்கு முழுக்கு, பெண்ணாயிருந்தால் அவசரக் கல்யாணம்! குற்றவாளியோ அடுத்த குழந்தையைத் தேடிப் போய்விடுகிறான். குழந்தை உண்ணாமல் பேசாமல் மூலையில் உட்கார்ந்தால், என்ன நடந்ததென்று கேளாமல் "காற்றுச் சேஷ்டை" என்று மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு ஓடுகிற புத்திசாலிகளும் இருக்கிறார்கள். தாயத்துக் கட்டினவனுக்குப் பணம். மிரட்டுகிறவனுக்கு இன்னும் ஒரு வாரம் அவகாசம்!

சட்டம் இல்லையென்பதற்கில்லை. 2012-ம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி 18 வயதுக்குட்பட்டவர் ஆணோ பெண்ணோ எல்லோரும் குழந்தைகளே. குற்றம் நடந்தது தெரிந்தும் தெரிவிக்காமல் மறைப்பது தண்டனைக்குரியது. வாக்குமூலம் வாங்குகிற போலீசார் உடுப்பில்லாமல் குழந்தையின் வீட்டுக்கோ அது விரும்புகிற இடத்துக்கோ வர வேண்டும். இரவில் ஸ்டேஷனில் குழந்தையை வைத்திருக்கக் கூடாது. கோர்ட்டு அனுமதியின்றிப் பத்திரிகைகள் அதன் பெயரை வெளியிடக் கூடாது. ஆகவே ஊர் சிரிக்குமென்கிற பயத்துக்கு ஆதாரமில்லை.

இத்தகைய படங்களைத் தனிமையில் பார்ப்பது மட்டும் குற்றமாகாதென்று 2024 ஜனவரியில் சென்னை ஹைகோர்ட்டு தீர்ப்புக் கூறிற்று. அவ்வருஷம் செப்டம்பர் 23-ல் சுப்ரீம் கோர்ட்டு அதைத் தள்ளிவிட்டது. அதோடு, இவற்றைக் "குழந்தை ஆபாசப்படம்" என்று கோர்ட்டுகள் இனி சொல்லக்கூடாது, குழந்தையைச் சுரண்டிக் கொடுமை செய்த சரக்கு என்றே சொல்ல வேண்டும் என்றும் கூறிற்று. சொல்லைத் திருத்தியது சிறிய காரியமென்று நாம் நினைக்கவில்லை. ஆபாசம் குழந்தையிடம் இருக்கிறதா, அவனிடமா?

உங்கள் வீட்டில் நேர்ந்தால் பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மறுபடியும் கேட்பான். அவன் அனுப்பிய மிரட்டல்களை அழிக்காதீர்கள், சாட்சி அதுதான். படத்தை உறவினருக்குக்கூட அனுப்பாதீர்கள். குழந்தைகள் உதவிக்கு 1098, பணம் பறிபோயிருந்தால் 1930. இரண்டையும் குழந்தைகளின் நோட்டுப் புத்தகத்திலேயே எழுதி வையுங்கள். அப்பாவிடம் சொல்லப் பயப்படுகிற குழந்தை தானே கூப்பிடட்டும்.