இசைவு கேட்கும் மொழி: இணையச் செயலிகளும் திறன்பேசிக் கருவிகளும்



நம் திறன்பேசியில் உள்ள செயலிகளுள் பல, உள்ளே இணையப் பக்கங்களாகவே இருக்கின்றன. எச்.டி.எம்.எல்., ஜாவாஸ்கிரிப்ட் முதலிய இணைய நுட்பங்களால் எழுதிய பக்கங்களை ஒரு செயலியின் உறைக்குள் இட்டு, முகவரிப் பட்டை இல்லாத உலாவிச் சாளரத்தில் காட்டுகிறார்கள். ஒருமுறை எழுதியதை ஆண்டிராய்டிலும் ஐபோனிலும் இயக்கலாம் என்பதே இதன் பயன்.

இம்முறைக்கு ஒரு குறை இருந்தது. எவரோ எழுதிய பக்கம் நம் தொடர்புப் பட்டியலைப் படித்துவிடலாகாது என்பதற்காக, உலாவி வேலியிட்டே வைக்கப்பட்டுள்ளது. 2007இல் ஐபோன் வெளிவந்தபோது, வெளியார் தம் செயலிகளை இணையப் பக்கங்களாகவே எழுதட்டும் என்றது ஆப்பிள் நிறுவனம். அப்பக்கங்களால் படக்கருவியை இயக்க இயலவில்லை. 2008இல் ஆப் ஸ்டோர் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் தோன்றிய ஃபோன்கேப் என்னும் திட்டம் வேலியில் ஒரு வாயில் அமைத்தது. வான்கூவர் நகரின் நிட்டோபி நிறுவனம் அதனை வளர்த்தது. 2011இல் அடோபி அந்நிறுவனத்தை வாங்கியது. மூலநிரல் அப்பாச்சி அறக்கட்டளைக்கு வழங்கப்பட்டு, பின்னர் கார்டோவா எனப் பெயர் பெற்றது. இன்று கப்பாசிட்டர் போன்றவை அவ்வழியில் தொடர்கின்றன.

அவ்வாயில் இயங்கும் முறை எளியது. பக்கத்திலுள்ள ஜாவாஸ்கிரிப்ட், படம் வேண்டும் என்று ஒரு செய்தி அனுப்பும். ஆண்டிராய்டில் ஜாவா அல்லது கோட்லின் மொழியிலும், ஐபோனில் பெரும்பாலும் சுவிஃப்ட் மொழியிலும் எழுதப்பட்ட செருகுநிரல் அச்செய்தியைப் பெற்று இயங்குதளத்தை நாடும். இயங்குதளம் பயனரிடம் இசைவு கேட்கும். இசைவு கிடைத்தால் படக்கருவி திறக்கும். எடுத்த படம் பக்கத்திற்குத் திரும்பும்.

மொழிக்குப் பணிபுரியும் இவ்வவை கருத வேண்டிய இடம், அந்த இசைவு கேட்கும் கணமேயாகும்.

ஐபோனில் படக்கருவி எதற்கு என்னும் காரணத்தைச் செயலியாளர் ஒரு வாசகமாக எழுதியிருத்தல் வேண்டும். இல்லையேல் செயலி அவ்விடத்திலேயே நின்றுவிடும். அவ்வாசகம் இணையப் பக்கங்களில் இருப்பதில்லை. உறையைச் சேர்ந்த தனிக் கோப்பில் இருக்கிறது. பக்கங்களையெல்லாம் தமிழாக்கியவர் அக்கோப்பை அறியாமலே விட்டுவிடக்கூடும். பக்கத்திலுள்ள மொழி மாற்றும் பொத்தானும் அங்கே செல்லாது. ஆண்டிராய்டிலோ, கேள்வியை இயங்குதளமே கேட்கிறது. காரணத்தைச் செயலிதான் முன்கூட்டியே தன் பக்கத்தில் விளக்க வேண்டும்.

மருந்துச் சீட்டைப் படமெடுத்து அனுப்ப விழையும் ஒரு மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். அதுவரை தமிழில் பேசிய செயலி, இசைவு கேட்கும்போது மட்டும் ஆங்கிலத்திற்குத் தாவுகிறது. அவர் பொருள் விளங்காமல் இசைகிறார், அல்லது அஞ்சி மறுக்கிறார். விளங்காமல் தந்த இசைவு, இசைவாகுமா?

எனவே மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, தமிழாக்கப் பணியில் உறையின் வாசகங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, காரணத்தைத் தெளிவாகக் கூறுங்கள். ‘செயலி சீராக இயங்க இசைவு தேவை’ என்பது எதையும் கூறவில்லை. ‘மருந்துச் சீட்டைப் படமெடுக்கப் படக்கருவியைப் பயன்படுத்துவோம்’ என்பது கூறுகிறது. மூன்றாவது, தேவைப்படும் வேளையில் மட்டும் கேளுங்கள். நிறுவும்போதே அனைத்துக்கும் இசைவு பெறும் பழைய வழக்கத்தை ஆண்டிராய்டு 2015இல் தன் ஆறாம் பதிப்பில் மாற்றியது. பயன்படாத செருகுநிரல்களை நீக்கிவிட்டால், அவற்றோடு வரும் வேண்டாத கேள்விகளும் நீங்கும்.

நிரலாளர் வாயில் அமைப்பார். அதில் நின்று கேட்கும் கேள்வியை நல்ல தமிழில் எழுதித் தருவது நம் கடமை. ஒரு செயலிக்கு நான்கைந்து வரிகளே ஆகும். அவ்வரிகளை எழுத இங்குள்ள ஆசிரியர்களும் மாணவர்களும் முன்வர வேண்டுமெனக் கேட்டு அமைகிறேன்.