அசையாமல் பார்க்க அசையும் கண்



கண்ணசைவை ஆராயக் கூடியிருக்கும் இந்த அவைக்குத் தலைமையேற்கும் வாய்ப்பைத் தந்தீர்கள், நன்றி. உங்கள்முன் ஒரே ஒரு கருத்தை வைக்க விரும்புகிறேன். கண் அசைவது, பெரும்பாலும், காட்சி அசையாமல் இருப்பதற்காகத்தான். 1962-இல் கோர்டன் வால்ஸ் இதை வலியுறுத்தி எழுதினார். உடல் திரும்பும்போது விழித்திரையில் விழும் பிம்பம் நழுவி ஓடாமல் பிடித்து நிறுத்துவதே கண்ணசைவின் ஆதிப் பணி, சுற்றிலும் தேடிப் பார்ப்பது பின்னால் வந்தது என்பது அவர் முடிவு.

உங்கள் கையிலுள்ள நிகழ்ச்சி நிரலை முகத்துக்கு நேரே பிடித்து, இடவலமாக வேகமாக ஆட்டுங்கள். எழுத்துகள் கலங்கிவிடும். இப்போது தாளை அசைக்காமல், அதே வேகத்தில் தலையை மட்டும் ஆட்டுங்கள். படிக்க முடிகிறதல்லவா? தலை திரும்புவதை உட்செவியின் அரைவட்டக் குழல்கள் உணர்ந்து, ஏறத்தாழ நூறில் ஒரு நொடியில் கண்ணை எதிர்ப்பக்கம் திருப்பிவிடுகின்றன.

இந்த ஏற்பாடு பழுதானால் என்ன ஆகும்? ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தால் உட்செவியின் சமநிலை உறுப்பை இழந்த ஒரு மருத்துவர், 1952-இல் தம் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் இட்டுத் தம் அனுபவத்தை எழுதினார். படுக்கையில் சாய்ந்து புத்தகம் படிக்கக்கூட அவரால் முடியவில்லை. நாடி துடிக்கும்போதெல்லாம் தலை மிக நுண்ணிதாக அசையும், எழுத்துகள் துள்ளும். கட்டிலின் தலைமாட்டுக் கம்பிகளுக்கிடையே தலையை முட்டுக்கொடுத்துத்தான் படித்தார். நரம்பியல் பயிலும் ஒவ்வொரு மாணவரும் அந்தக் கட்டுரையைத் தேடிப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

புறாவின் கண் நம் கண்ணளவு சுழலாது. பார்வையை நிலைநிறுத்தும் வேலையை அதன் கழுத்து செய்கிறது. நடக்கும்போது தலையை முன்னே நீட்டி, அங்கேயே நிறுத்திக்கொள்ளும். உடல் வந்து சேர்ந்ததும் மறுபடி நீட்டும். 1978-இல் பேரி ஃபிராஸ்ட் புறாவை ஓடுபட்டையின்மேல் நடக்கவிட்டார். கால்கள் நடந்தன, சுற்றியுள்ள காட்சி நகரவில்லை, தலையாட்டமும் நின்றுபோனது. ஆக, அது நடைக்கான ஆட்டமல்ல, பார்வைக்கான ஆட்டம். ஆந்தைக்கும் கழுத்துதான் துணை. பறக்கும் ஈயோ உடலையே வெட்டிவெட்டித் திருப்பி, இடைப்பட்ட கணங்களில் பார்வையை நிலைநிறுத்துகிறது. நாமும் நொடிக்கு ஏறக்குறைய மூன்று முறை கண்ணைத் தாவவைத்து, தாவல்களுக்கு இடையில்தான் பார்க்கிறோம்.

விதிவிலக்கு உண்டு, அதை மறைப்பது ஆய்வுக்கு அழகல்ல. குதிக்கும் சிலந்தியின் முன்கண்களில் வில்லை ஓட்டோடு ஒட்டியிருக்கும், அசையாது. அதன் பின்னால் கண்குழலின் முனையிலுள்ள குறுகிய விழித்திரையைத்தான் ஆறு தசைகள் நகர்த்துகின்றன. எதிரே இருப்பது இரையா, இணையா என்று அந்தக் கீற்றால் மெல்லத் தடவிப் பார்க்கிறது. இதை 1969-இல் விவரித்த மைக்கேல் லேண்ட்தான், முப்பது ஆண்டுகள் கழித்து, தேநீர் போடுகிறவர்களின் கண்ணைத் தொடர்ந்து பதிவுசெய்தார். கை கெட்டிலைத் தொடுவதற்குச் சுமார் அரை நொடி முன்பே கண் அங்கே போய்விடுகிறது என்று கண்டார். சிலந்தியையும் சமையலறையையும் ஒரே மனிதர் ஆராய்ந்ததை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கண்ணசைவு பற்றிய நம் அறிவில் பெரும்பகுதி, தாடையைத் தாங்கியில் வைத்து, தலையை அசையவிடாமல் செய்த சோதனைகளில் கிடைத்தது. யார்பஸ் என்ற ஆய்வாளர் விழிமேல் சிறு உறிஞ்சு மூடியைப் பொருத்தித் தந்த பதிவுகள் இன்றும் வியப்பூட்டுபவை. ஆனால் தலையைக் கட்டிப்போட்டால், கண்ணசைவு எதற்காகத் தோன்றியதோ அந்த வேலையையே நாம் காணத் தவறிவிடுகிறோம். நடக்கும் மனிதரிடமும் பறக்கும் பூச்சியிடமும் கண்ணை அளந்த ஆய்வுகளுக்கு இந்த மாநாட்டில் கூடுதல் நேரம் கொடுங்கள் என்று அமர்வுத் தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

மருத்துவர்களுக்கும் விலங்கியலாருக்கும் தனித்தனி அரங்கு வேண்டாம் என்று அமைப்பாளர்களிடம் முன்பே வேண்டியிருந்தேன், இசைந்தார்கள். தலைச்சுற்றல் நோயாளியைப் பற்றிய முதல் கட்டுரையும், புறாவின் கழுத்தைப் பற்றிய இரண்டாம் கட்டுரையும் இதே மேடையில் அடுத்தடுத்து வரும். மாநாட்டை மகிழ்ச்சியுடன் தொடங்கிவைக்கிறேன்.