மஞ்ச சேலை

1858-ல லின்னேயஸ் ட்ரைப் தஞ்சாவூர் பெரிய கோவிலைப் படம் எடுத்தார். அப்போ காகித நெகட்டிவ். எக்ஸ்போஷர் ரொம்ப நேரம் ஆகும். நடந்து போற ஆள் பதிவாகவே மாட்டார். இன்னைக்கு ஒரு நொடிகூட வேண்டாம். அந்த அவசரத்துலதான் நான் தப்பு பண்ணேன்.

கீழவாசல்ல ஒரு பூக்கார அம்மாவைக் கேட்காமலே எடுத்தேன். போன்லயே கறுப்பு வெள்ளையாக்கிக் காட்டினேன். அவங்க முகம் வாடிப்போச்சு.

"வீட்டுக்காரர் நல்லா இருக்காரு தம்பி. மஞ்ச சேலையை வெள்ளையாக்கிட்டியே?"

மஞ்சள் வெளிர் நிறம். கலரை எடுத்துட்டா கிட்டத்தட்ட வெள்ளைதான். நான் பார்த்தது வெறும் டோன்.

அவங்க முன்னாடியே அதை அழிச்சேன். அப்புறம் கேட்டு, கலர்லயே ஒண்ணு எடுத்து, பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். இப்போல்லாம் முதல்ல பேச்சு, பிறகுதான் கேமரா.