ஒரு நூலுக்கு இரு விலை



வீட்டிலுள்ள பழைய அட்டிகையை அழித்துச் சங்கிலியாகச் செய்துகொள்ள விரும்பினால், நாம் பொற்கொல்லருக்குக் கொடுப்பது செய்கூலி. சேதாரம் என்று சிறிது பொன் கழியும். ஆனால் அந்தப் பொன்னுக்கே மறுபடியும் முழு விலை கொடுங்கள் என்று எந்தப் பொற்கொல்லரும் கேட்பதில்லை. கேட்டால் நாம் கொடுப்பதுமில்லை. பொருள் வேறு, அதற்கு வடிவம் தரும் வேலை வேறு என்பது நம் வீட்டுப் பெண்டிர் யாவரும் அறிந்த கணக்கு. நூற்றிருபது ஆண்டுக் காலம் பொன்னெடுத்தே வாழ்ந்த கோலார் தங்கவயலில், எங்கள் ஊராகிய ராபர்ட்சன்பேட்டையில், இதை எடுத்துச் சொல்லவும் வேண்டுமோ?

நூல் வாங்குமிடத்தில் மட்டும் இக்கணக்கு தடுமாறுகிறது. அச்சிட்ட படி ஒன்றை விலை கொடுத்து வாங்குகிறோம். அதே நூலைக் கைப்பேசியிலோ கணினியிலோ படிக்க விரும்பினால், மின்படிக்கென்று தனியாக மற்றொரு விலை கேட்கப்படுகிறது. இது முறையா என்பதே இன்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய விஷயம்.

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் விளையாட்டுகளின் நூல்களில் இவ்வழக்கு மிகத் தெளிவாகத் தெரிகிறது. நம்முடைய ஆடுபுலி ஆட்டத்துக்கு நூல் ஏதும் வேண்டியதில்லை. 3 புலி, 15 ஆடு, தரையில் வரைந்த கோடுகள் இவையே போதும். விதிகள் பாட்டியின் வாய்மொழியாகப் பேரப்பிள்ளைகளுக்கு வந்துவிடும். மேலை நாட்டு விளையாட்டுகள் சில அவ்வாறல்ல. 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் என்னும் இருவர் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டில், ஆடுவோர் ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி, ஒரு கதையைக் கூடி நடத்துகின்றனர். அதன் விதிகள் தடித்த நூல்களில் அடங்கியிருக்கின்றன. நூலே இங்கு ஆட்டக் கருவி. மேசையில் நடுவே விரித்து வைக்க அச்சுப் படி வேண்டும். ஒரு விதியை நொடியில் தேடவும், வெவ்வேறு ஊர்களிலிருந்து திரை வழியாகக் கூடி ஆடவும் மின்படி வேண்டும்.

இவ்விளையாட்டின் மின்படிகளுக்கென 2017ஆம் ஆண்டில் ‘டி அண்ட் டி பியாண்ட்’ என்னும் இணையச் சேவை தோன்றியது. அச்சு நூலை முன்பே வாங்கியிருந்தவரும் அங்கே தனியாகப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. 2022ஆம் ஆண்டில், விளையாட்டின் உரிமையாளரான ஹாஸ்ப்ரோ நிறுவனம் அச்சேவையை விலைக்கு வாங்கிற்று. பிறகு இரு படிகளையும் சேர்த்து விற்கும் முறை வந்தது. ஆட்டக்காரர் கையேடு 2024ஆம் ஆண்டில் வெளிவந்தபோது இருந்த அமெரிக்க விலையைப் பாருங்கள். அச்சுப் படி ஏறத்தாழ 50 டாலர்; மின்படி 30 டாலர்; நிறுவனத்தினிடமே இரண்டையும் சேர்த்து வாங்கினால் 60 டாலர். சேர்த்து வாங்குபவருக்கு மின்படியின் விலை 10 டாலரே ஆகிறது. தம் ஊர்ப் புத்தகக் கடையில் அச்சுப் படியை வாங்கிவிட்டுப் பிறகு மின்படியை நாடுபவருக்கோ 30 டாலர். உள்ளூர்க் கடைக்காரரை ஆதரித்தவர் கூடுதலாகக் கொடுக்கிறார்.

இதற்கு மாறான வழியும் அத்துறையிலேயே உண்டு. சிறிய விளையாட்டுப் பதிப்பாளர் பலர் ஒன்றுகூடி, 2010ஆம் ஆண்டில் ‘பிட்ஸ் அண்ட் மார்ட்டர்’ என்ற ஏற்பாட்டைத் தொடங்கினர். கடையில் அச்சு நூலை வாங்கியவருக்கு மின்படியை விலையின்றித் தருவது அவ்வேற்பாடு. ஆகவே இரு விலை என்பது தவிர்க்கவொண்ணாத நியதி அன்று. பதிப்பாளர் செய்யும் முடிவே என்பது விளங்கும்.

இனி நம் தமிழ் நூல்களுக்கு வருவோம். 2016ஆம் ஆண்டு டிசம்பரில் அமேசான் நிறுவனத்தின் கிண்டில் சேவையில் தமிழ் நூல்கள் இடம்பெற்றன. தமிழகத்துக்கு வெளியே வாழ்வோருக்கு இது பெரிய வாய்ப்பு. சென்னையில் வெளியாகும் நூல் அன்றே ராபர்ட்சன்பேட்டையில் கைக்கு வந்துவிடலாம். மாரிக்குப்பத்தில் ரயிலேறி நாள்தோறும் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வோர் இங்கு ஏராளம். நெரிசலில் நின்றுகொண்டே கைப்பேசியில் படிக்க மின்படி உதவுகிறது. வீட்டு அலமாரியில் இருக்கவோ அச்சுப் படி வேண்டும். நம்மவர்க்கு இரண்டும் தேவையே. இரண்டுக்கும் முழு விலை கேட்டால், பலர் ஒன்றையும் வாங்காமல், களவாகப் பரவும் படியைத் தேடிப் போகின்றனர். இதில் நூலாசிரியருக்கு ஒரு காசும் சேர்வதில்லை.

பதிப்பாளர் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். மின்படி தானாக முளைப்பதில்லை. ஒருங்குறி பரவுமுன் கோக்கப்பட்ட தமிழ் நூல்கள் பலவகை எழுத்துருக் குறியீடுகளில் இருக்கின்றன; அவற்றை மாற்றி, எழுத்தெழுத்தாக மெய்ப்புத் திருத்த வேண்டும். விற்பனைத் தளம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். வரியிலும் வேறுபாடு உண்டு. அச்சு நூலுக்குச் சரக்கு சேவை வரி இல்லை; அச்சில் வந்த நூலின் மின்படிக்கு இருந்த 18 சதவீத வரி 2018ஆம் ஆண்டு ஜூலையில் 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டதேயன்றி நீக்கப்படவில்லை.

இச்செலவுகளை நாம் மறுக்கவில்லை. ஆனால் இவை யாவும் செய்கூலி. நூலாசிரியரின் கருத்தும் உழைப்புமே பொன். அச்சுப் படியை வாங்கியவர் அந்தப் பொன்னுக்குரிய விலையைக் கொடுத்துவிட்டார். அவரிடம் இரண்டாம் வடிவத்துக்குக் கேட்கத் தக்கது கூலி மட்டுமே. அமெரிக்காவில் அமேசான் நிறுவனமே 2013 முதல் 2019 வரை, தன்னிடம் அச்சு நூல் வாங்கியவருக்குக் குறிப்பிட்ட சில நூல்களின் மின்படியை 3 டாலருக்கு மேற்படாத விலையில் கொடுத்து வந்தது. வணிகர்க்கு இயலாத காரியமன்று என்பதற்கு அதுவே சான்று.

கேள்வி விலையோடு முடிந்துவிடவில்லை. கொடுக்கும் பணத்துக்கு நாம் பெறுவது யாது? மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட என்னை இங்கே ஒரு சொல் உறுத்துகிறது. இணையக் கடையின் பொத்தானில் ‘வாங்குக’ என்று இருக்கிறது. கீழே சிற்றெழுத்தில் உள்ள நிபந்தனைகளிலோ விற்பனை என்ற சொல் இல்லை, உரிமம் என்ற சொல்லே இருக்கிறது. விற்பனை என்றால் பொருள் நம்முடையது. உரிமம் என்றால் பிறர் பொருளைப் பயன்படுத்த நமக்கு இசைவு. முன்னது சொந்த நகை. பின்னது இரவல் நகை.

நமது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, படிகளை வெளியிடும் உரிமையை உரிமையாளருக்கு அளிக்கும்போதே, ஏற்கெனவே புழக்கத்திற்கு வந்துவிட்ட படிகளுக்கு விலக்களிக்கிறது. ஆகையால் வாங்கிய அச்சு நூலை நண்பருக்குக் கொடுக்கலாம், பழைய புத்தகக் கடையில் விற்கலாம், பிள்ளைகளுக்கு வைத்துப் போகலாம். உரிமமாகப் பெற்ற மின்படிக்கு இச்சுதந்திரங்கள் இல்லை. 2009ஆம் ஆண்டு ஜூலையில், ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்கள் இரண்டை, பணம் கொடுத்து வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அமேசான் நிறுவனம் அழித்தது. பணத்தைத் திருப்பித் தந்து மன்னிப்பும் கோரியது. 2019ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் மின்னூல் கடையை மூடியபோது, விற்ற நூல்கள் யாவும் படிக்க இயலாமற் போயின. அங்கும் பணம் திரும்பியது, நூல்கள் திரும்பவில்லை. கலிபோர்னியா மாநிலத்தில் 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த சட்டமொன்று, நீங்கள் பெறுவது உரிமமே என்று வாங்குவோருக்குத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்குக’ என்ற சொல்லைப் பயன்படுத்தலாகாது என்கிறது.

புலம்பெயர்ந்த நமக்கு இது வெறும் வணிக விஷயம் அன்று. 2001ஆம் ஆண்டு பிப்ரவரியில் சுரங்கங்கள் மூடப்பட்ட பின், எங்கள் ஊர்க் குடும்பங்கள் பிழைப்புத் தேடிப் பல திசைகளுக்குச் சிதறின. பிள்ளைகளிற் பலர் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ கல்வி கற்கின்றனர். அவர்கள் கையில் தற்செயலாகத் தமிழ் படுவதற்கு வீட்டு அலமாரியே வாயில். தாத்தா தம் பெயரை எழுதிவைத்த நூலைப் பேரன் எந்த நாளும் திறந்து பார்க்கலாம். தாத்தாவின் கணக்கையும் கடவுச்சொல்லையும் அவ்வாறு திறக்க முடியுமா? நிபந்தனைகளின்படி அக்கணக்கு கைமாறத் தக்கதும் அன்று. அலமாரியை நம்பி வாழும் ஒரு மொழிக் குடும்பம், அலமாரி முழுவதையும் இரவலாக வைத்துக்கொள்ளலாகாது.

ஆகவே நாம் செய்யத்தக்கவை சில உண்டு. பிள்ளைகளுக்குச் சேரவேண்டும் என்று கருதும் நூலை அச்சிலேயே வாங்குங்கள். அஞ்சல் துறை 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் தொடங்கிய ‘கியான் போஸ்ட்’ சேவையில், கல்வி, பண்பாடு, சமயம் சார்ந்த நூல்களை 300 கிராம் வரை 20 ரூபாய்க்கும், 5 கிலோ வரை 100 ரூபாய்க்கும், வரி நீங்கலாக, அனுப்ப வழி செய்யப்பட்டது. ஒருமுறை படித்து விடத்தக்கதை மின்படியாகப் பெறுங்கள். பணம் கொடுக்குமுன், அந்நூல் விலையின்றிக் கிடைக்கிறதா என்றும் பாருங்கள். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் பழந்தமிழ் நூல்களையும் நாட்டுடைமையான நூல்கள் பலவற்றையும் எல்லோர்க்கும் திறந்து வைத்திருக்கின்றன.

பதிப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. அச்சிட்ட நூலின் உள்ளட்டையில் சுரண்டிப் பார்க்கும் குறியெண் ஒன்றை வையுங்கள். நூலை எந்த ஊரில், எந்தக் கடையில் வாங்கினாலும், அவ்வெண்ணைக் காட்டியவருக்குச் செய்கூலி அளவான சிறு தொகைக்கு மின்படியைக் கொடுங்கள். பூட்டில்லாத கோப்பாகக் கொடுத்தால் இன்னும் நன்று. அச்சு நூலின் விற்பனை அதனால் குறையாது. அச்சு நூலை வாங்குவதற்கே அது மற்றொரு காரணமாகும். பெங்களூரிலும் மும்பையிலும் டில்லியிலும் வாழும் தமிழ் வாசகர் கொடுக்க மறுப்பவர் அல்லர். எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கவே அவர் விரும்புகிறார்.