காணாத வியாபாரமும் காக்கவேண்டிய நாணயமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இணையவழியாகக் காசு கொடுப்பதையும் வாங்குவதையும் பத்திரமாகச் செய்வது எப்படி என்பது பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி சங்கத்தார் என்னைப் பணித்திருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் இன்னும் படித்துக்கொண்டிருக்கும் நான், வியாபாரத்திலே தலை நரைத்த பெரியோர் முன்னிலையில் காசைப் பற்றிப் பேசுவது சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது. எனினும், அதே பெரியோர்கள் கைத்தொலைபேசியை எடுத்ததும், "தம்பி, இதில எதை அழுத்திறது?" என்று எங்களைத்தான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்வது எங்கள் கடமை என்ற நினைவோடு பேசத் துணிகிறேன்.

நமது கல்முனைப் பகுதி வியாபாரத்துக்குப் பேர்போனது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்ந்து, ஒரே சந்தையில் வாங்கியும் விற்றும் வருகிறோம். பாண்டிருப்பிலிருந்து போகிற ஒருவர் கல்முனைக் கடையிலே, "காக்கா, மாதக் கடைசியில தாறன், கொப்பியில எழுதுங்கோ" என்றால் முதலாளி எழுதிக்கொள்வார். அங்கே பிணை நின்றது எது? முகம் தெரியும், ஊர் தெரியும், தகப்பன் பெயர் தெரியும். ஏமாற்றினவன் மறுநாள் அந்தத் தெருவால் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. நாணயம் என்ற சொல்லுக்குக் காசு என்றும் நேர்மை என்றும் நம்மவர் இரு பொருள் வைத்தது காரணமில்லாமல் அல்ல.

இன்று நிலைமை வேறு. மருதமுனைத் தறியில் நெய்த சேலையையும் சாரத்தையும் கொழும்பிலிருக்கும் ஒருவர் வட்ஸ்அப்பிலே படம் பார்த்து வாங்குகிறார். நெசவாளிக்கு இது பெரிய வாய்ப்பு. ஆனால் விற்பவரை வாங்குபவர் கண்டதில்லை. வாங்குபவரை விற்பவரும் கண்டதில்லை. முன்பு முகம் பிணை நின்றது போல இப்பொழுது பிணை நிற்பது எது? சோதித்துப் பார்க்கும் பழக்கம் ஒன்றுதான் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

காசு இப்போது எவ்வாறு நடமாடுகிறது என்பதை முதலில் பார்ப்போம். முன்னாளில் காசோலை எழுதினால் அது மாறுவதற்கு நாட்கள் சென்றன. இடையிலே சந்தேகம் வந்தால் வங்கிக்கு ஓடிப்போய் நிறுத்தலாம். 2012ஆம் ஆண்டில் ஈசி கேஷ் என்னும் கைத்தொலைபேசிப் பணச் சேவை நம் நாட்டில் தொடங்கியது. 2015ஆம் ஆண்டில் லங்கா கிளியர் நிறுவனம் செய்த ஏற்பாட்டினால், ஒரு வங்கியிலிருந்து மற்றொரு வங்கிக்குச் சில விநாடிகளிலே காசு போகும் வழி பிறந்தது. 2018ஆம் ஆண்டில் மத்திய வங்கி லங்கா கியூ.ஆர். என்னும் பொதுச் சதுரக் குறியை வகுத்தது. சௌகரியம் பெரிது, மறுக்கவில்லை. ஆனால் விநாடியிலே போகிற காசு விநாடியிலே திரும்பி வருவதில்லை. வேகம் நல்லவனுக்கு எவ்வளவு உதவுகிறதோ, கள்ளனுக்கும் அவ்வளவு உதவுகிறது. பதறாத காரியம் சிதறாது என்ற பழமொழியைக் கைத்தொலைபேசியின் முதுகிலே ஒட்டிவைத்தாலும் தகும்.

நான் சொல்ல வந்தவற்றுள் தலையாயது இதுதான்: காசைக் கொடுப்பதற்குத்தான் சாவி வேண்டும், காசை வாங்குவதற்குச் சாவி வேண்டியதே இல்லை. உங்கள் கணக்கிலக்கம் வீட்டு இலக்கத்தைப் போன்றது. காசு அனுப்புபவருக்கு அதைச் சொல்லலாம். இரகசிய பின் இலக்கமும், அட்டையின் பின்புறத்திலுள்ள மூன்று இலக்கங்களும், குறுஞ்செய்தியில் வருகிற ஓ.டி.பி. என்னும் ஒருதடவை இலக்கமும் வீட்டுச் சாவியைப் போன்றவை. "உங்களுக்குக் காசு போடுகிறேன், வந்த இலக்கத்தைச் சொல்லுங்கள்" என்று ஒருவன் கேட்டால், அவன் போட வரவில்லை, எடுக்க வந்திருக்கிறான் என்று அறிந்துகொள்ளுங்கள். வங்கியிலிருந்து பேசுகிறேன் என்றாலும், பரிசு விழுந்தது என்றாலும் விஷயம் அதுவே. வங்கி உத்தியோகத்தருக்கும் உங்கள் சாவி தேவையில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய தொல்லையன்று. இந்தியாவில் 2016ஆம் ஆண்டில் தொடங்கிய யு.பி.ஐ. முறையில், பிறரிடம் காசு கேட்டு வேண்டுகோள் அனுப்பும் வசதி இருந்தது. பொருளை விற்க விளம்பரம் செய்தவரிடம், "காசு அனுப்பியிருக்கிறேன், பின் இலக்கத்தை அழுத்திப் பெற்றுக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, கேட்கும் வேண்டுகோளைக் கொடுப்பது போலக் காட்டி மோசடி செய்தார்கள். விற்க வந்தவரே காசை இழந்தார். ஈற்றில், தனியாட்களுக்கிடையில் அவ்வசதியை 2025 ஒக்டோபர் 1 முதல் நிறுத்தும்படி அந்நாட்டுத் தேசியக் கொடுப்பனவுக் கழகம் பணித்தது. சாவி எதற்கு என்று அறியாதவரின் அறியாமையே அங்கு கள்ளனின் முதலாக இருந்தது.

இனி விற்பவர்களுக்குச் சில வார்த்தைகள். வங்கிச் சீட்டின் படம் காசு ஆகாது. படத்தைக் கைத்தொலைபேசியிலேயே திருத்தலாம். பின்னொரு நாளில் போகும்படி கட்டளை கொடுத்து, அந்தத் திரையைக் காட்டிவிட்டுப் பிறகு கட்டளையை நீக்கவும் முடியும். ஆகவே, உங்கள் கணக்கை நீங்களே திறந்து, தொகை ஏறியிருக்கிறதா என்று கண்ணாலே கண்ட பின்னரே பார்சலைக் கட்டுங்கள். "ஐயாயிரத்துக்குப் பதிலாகத் தவறிப் பதினையாயிரம் போட்டுவிட்டேன், பத்தாயிரத்தைத் திருப்பி அனுப்புங்கள்" என்று ஒருவர் அவசரப்படுத்தினால், முதலில் அந்தப் பதினையாயிரம் உண்மையில் வந்ததா என்று பாருங்கள். வந்திருந்தாலும் அவர் சொல்லும் வேறு கணக்குக்கு அனுப்பாமல், வங்கி மூலமாகவே திருத்துங்கள். கடையிலே கியூ.ஆர். குறி வைத்திருப்பவர்கள், அதன்மேல் வேறொருவன் தன் குறியை ஒட்டியிருக்கிறானா என்று நாள்தோறும் பார்ப்பது நல்லது.

வாங்குபவர்களுக்கும் சில யோசனைகள் உண்டு. கியூ.ஆர். குறியைப் பிடித்ததும் திரையில் வரும் பெயர் கடைக்காரருடையதுதானா என்று வாசியுங்கள். கணக்குக்கு நேராக அனுப்பும்போது இலக்கங்களை இரண்டு தரம் சரிபாருங்கள். பெரிய தொகையானால் முதலில் ஒரு சிறு தொகையை அனுப்பி, வந்ததா என்று கேட்டறிந்து மிகுதியை அனுப்புங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் முன்னோர் சும்மா சொல்லவில்லை. தபால் திணைக்களத்தின் பெயரில், பார்சலுக்குச் சிறு கட்டணம் செலுத்தும்படி பொய்யான குறுஞ்செய்திகள் பரவி, அவற்றை நம்பவேண்டாமென்று திணைக்களமே எச்சரித்திருக்கிறது. செய்தியிலே வரும் இணைப்பைத் தொடாமல், முகவரியை நீங்களே எழுதித் திறவுங்கள். திரையில் பூட்டின் படம் தெரிகிறதே என்று சிலர் நிம்மதியடைகிறார்கள். அந்தப் பூட்டு கடித உறையின் அரக்கு முத்திரை போன்றது. வழியில் ஒருவரும் பிரிக்கவில்லை என்று அது சொல்லும். கடிதத்தைப் பெறுகிறவன் யோக்கியன் என்று சொல்லாது.

அறியாதவரிடம் வாங்கும்போது நடுவில் ஒருவர் நிற்பது நன்று. பெரியோர்களுக்குத் தபாற் கந்தோரின் வி.பி.பி. முறை நினைவிருக்கும். தபாற்காரர் காசை வாங்கிக்கொண்டு பார்சலைக் கொடுப்பார். காசு விற்றவருக்குப் போய்ச் சேரும். சீனாவில் 2004ஆம் ஆண்டில் வளர்ந்த அலிபே இதே எண்ணத்தை மேலும் ஒரு படி கொண்டு சென்றது. வாங்குபவரின் காசை அது தன்னிடம் வைத்திருந்து, பொருள் கிடைத்தது என்று அவர் சொன்ன பின்பே விற்பவருக்குக் கொடுத்தது. ஒருவரையொருவர் அறியாத கோடிக்கணக்கானோர் துணிந்து வியாபாரம் செய்ய இந்த நடுவர் வழிசெய்தார். வங்கி அட்டையால் செலுத்தினால், பொருள் வராதபோது அட்டை தந்த வங்கியிடம் ஆட்சேபம் எழுப்ப ஒரு வழி உண்டு. கணக்குக்கு நேராக அனுப்பிய காசுக்கு அப்படியான வழி இல்லை. பொருள் வந்ததும் காசு கொடுக்கும் முறையிலும், பிரிக்குமுன் காசு போய்விடும் என்பதை மறவாதீர்கள். பார்சலைப் பிரிப்பதைப் படம்பிடித்து வைத்தால் பின்பு சாட்சியாகும்.

இவ்வளவு கவனமாக இருந்தும் ஒருவர் ஏமாறலாம். ஏமாந்தால் முதல் வேலை அழுவதன்று; அட்டையின் பின்புறத்திலுள்ள வங்கி இலக்கத்துக்குப் பேசி, கணக்கை உடனே தடுப்பது. அடுத்து, செய்திகளையும் சீட்டுகளையும் அழிக்காமல் வைத்து, வங்கிக்கு எழுத்திலே முறையிடுவது. வங்கியின் பதில் திருப்தி தராவிடில் மத்திய வங்கியின் 1935 என்னும் இலக்கத்தில் முறையிடலாம். பொலிஸிலும் முறைப்பாடு எழுதவேண்டும். 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கக் கொடுப்பனவுக் கருவிகள் மோசடிச் சட்டமும், 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும் இத்தகைய குற்றங்களுக்காகவே இயற்றப்பட்டவை.

ஆனால் அன்பர்களே, சட்டம் இருந்தும் எத்தனை பேர் முறையிடுகிறார்கள்? ஏமாந்தவர் வாய் திறப்பதில்லை. "படித்தும் ஏமாந்தானே", "இந்த வயதில் இவவுக்கு ஏன் இந்த வேலை" என்ற ஏச்சுக்கு அஞ்சி மூடி மறைத்துவிடுகிறார். அந்த மௌனத்தினால் அதே கள்ளன் அடுத்த வீட்டுக்கும் போகிறான். மத்திய கிழக்கிலே வெயிலில் நின்று மகன் அனுப்பிய காசும், தறியிலே கால் நோக மிதித்துச் சேர்த்த காசும் இப்படிப் போகின்றன. ஆகவே பெரியோர்களே, ஏமாந்தவரைப் பார்த்துச் சிரியாதீர்கள். களவு செய்தவனுக்கு உரிய வெட்கத்தைக் களவு கொடுத்தவர் சுமப்பது எந்த ஊர் நியாயம்?

வாலிப நண்பர்களே, உங்களுக்கும் இரண்டு வார்த்தைகள். முதலாவது, நம் வீட்டுப் பெரியவர்களின் பின் இலக்கம் பலருக்குப் பாடமாக இருக்கிறது. உதவிதான் செய்கிறோம், ஆயினும் சாவியை நாம் வைத்திருக்கும் வரையில் அவர்கள் கற்றுக்கொள்ள மாட்டார்கள். பிறரிடம் சாவி கொடுப்பது சரிதான் என்ற பழக்கத்தையும் நாமே அவர்களுக்கு ஊட்டிவிடுகிறோம். இன்று பேரனுக்குச் சொன்ன இலக்கத்தை நாளை தொலைபேசியில் பேசும் அந்நியனுக்கும் சொல்வார்கள். பக்கத்திலே இருந்து, அவர்களின் விரலாலேயே அழுத்தச் செய்யுங்கள். இலக்கம் போடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, "உன் வங்கிக் கணக்கைச் சில நாள் இரவல் தா, பங்கு தருகிறேன்" என்று மாணவர்களிடம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். மோசடிக் காசு போய்வரும் வழியாக அந்தக் கணக்கு பயன்படும். விசாரணை வரும்போது கணக்கின் பெயர் உங்களுடையது. கேட்டவனின் பெயர் எங்கும் இராது. சில ஆயிரம் ரூபாவுக்காக உங்கள் பெயரையும் குடும்பத்தின் பெயரையும் ஈடுவைக்காதீர்கள்.

முடிவாக ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு பின்னேரம் நம் சங்க மண்டபத்தைத் திறந்துவைத்து, தாய்மாரும் முதியோரும் சிறு வியாபாரிகளும் வந்து இவற்றைக் கையோடு பழக ஏற்பாடு செய்வோம். இந்தக் கள்ளன் சாதி சமயம் பார்த்து வருவதில்லை. ஆகையால் பக்கத்து ஊர் முஸ்லிம் சகோதரர்களையும் அழைப்போம். ஒரே சந்தையிலே கொப்பியை நம்பி வாழ்ந்த நாம், கொப்பி போய்க் கைத்தொலைபேசி வந்த காலத்திலும் நாணயம் கெடாமல் வாழலாம்.