மேசைமீது ஏற்றப்பட்ட சிறுமி
(பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எங்களில் மூத்தவர்கள் இங்கிலாந்தின் வரலாற்றில் முதலாம் ஜேம்ஸ் மன்னனைப் படித்தவர்கள். அவன் ஆட்சியில், 1612இல், லங்காஷயரில் நடந்த ஒரு வழக்கை நாம் படிக்கவில்லை.

அந்த மார்ச் மாதம் அலிசன் டிவைஸ் என்ற ஏழைப் பெண், தெருவில் கண்ட ஒரு சுமை வியாபாரியிடம் குண்டூசி கேட்டாள். அவன் கொடுக்கவில்லை. சற்று நேரத்தில் அவன் விழுந்தான். ஒரு பக்கம் செயலிழந்தது. இன்றென்றால் பாரிசவாதம் என்று ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். அன்று சூனியம் என்றார்கள். அலிசனே அதை நம்பி, அவன்முன் முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்டாள்!

ஆகஸ்டில் லங்காஸ்டர் கோட்டையில் விசாரணை. குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்காக வாதாட ஒருவரும் இல்லை. அக்காலச் சட்டம் அதற்கு இடங்கொடுக்கவில்லை. அலிசனின் தங்கை ஜெனெட், ஒன்பது வயதளவு, தாய்க்கெதிராகச் சாட்சி சொல்ல அழைக்கப்பட்டாள். மகளைக் கண்டதும் தாய் அலறினாள். தாயை வெளியே கொண்டுபோய்விட்டு, பிள்ளையை மேசைமீது ஏற்றிப் பேசவைத்தார்கள். பெரியவர்கள் எதிர்பார்க்கும் பதிலை அந்த வயதுப் பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும் என்பது, நம்மில் ஆசிரியைகளாக இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தாய், அக்கா, அண்ணன் மூவருமே தூக்கிலிடப்பட்டனர். அன்று தூக்கிலிடப்பட்ட 10 பேரில் 8 பேர் பெண்கள்.

வெள்ளைக்காரரின் பழங்கதைதானே என்று தள்ளிவிடலாமா? 383 ஆண்டுகள் கழித்து, 1995இல், இன்றைய ஜார்க்கண்டில் அயல்வீட்டுப் பிள்ளை நோயுற்றதற்குச் சுட்னி மஹதோ என்ற தாய்மீது பழி விழுந்தது. ஊர் கூடித் தண்டம் விதித்தது, பிறகும் அடித்தார்கள். பிள்ளைகளோடு ஊரைவிட்டு ஓடிய அவர், பின்னர் தம்மைப்போல் பழிசுமத்தப்பட்ட பெண்களுக்காக நின்று, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அதே ஆண்டு அவ்விருதைப் பெற்ற இன்னொருவர் அசாமின் பிருபாலா ராபா. மகன் மூன்று நாளில் இறப்பான் என்று மந்திரவாதி சொன்னதும், அவன் இறக்காததுமே அவரைக் கேள்வி கேட்கவைத்தன.

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வளர்ந்த நமக்குச் செய்வினையும் நாவூறும் புதிய சொற்களா? பயணம் புறப்படும்போது எதிரே ஒரு விதவை வந்தால், உள்ளே திரும்பி ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போகும் வீடுகள் நம்முடையவை. நாமும் பேசாமல் திரும்பித் தண்ணீர் குடித்திருக்கிறோம். வாசலில் நின்ற அந்த அம்மா அதைக் கண்டாரா என்று எட்டிப் பார்த்ததில்லை.